கூழைக்கடாவைக் காத்திருக்கச் சொன்ன ஆள்காட்டி

ஒரு காட்டின் நடுவே, மரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஏரி ஒன்று இருந்தது. பறவைகள் உள்ளே இறங்கக் கிழக்குப் பக்கம் ஒரே ஓர் இடைவெளிதான். ஒரு கூழைக்கடா சிறகை விரித்தால் அதுவும் அடைபட்டுப் போகும்.

மாலையானால் இரை தேடப் போன பறவைகள் எல்லாம் அந்த இடைவெளிக்குத்தான் திரும்பி வரும். மேற்கே சாயும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். பக்கத்தில் பறப்பது யார் என்றே தெரியாது.

அதனால் ஏரி நடுவே இருந்த பாறையில் ஆள்காட்டிப் பறவை நின்று குரல் கொடுப்பாள். அவளுக்குச் சூரியன் முதுகுப் பக்கம். வருகிறவர்கள் எல்லாரும் தெளிவாகத் தெரிவார்கள். முதலில் வந்தவர் முதலில் இறங்க வேண்டும். மற்றவர் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அவள் நிற்கத் தொடங்கிய பிறகு அங்கே ஒரு சிறகும் முறிந்ததில்லை.

ஒருநாள் கூழைக்கடாக்களின் தலைவர் தாடைப் பை நிறைய மீனோடு வந்தார். அவருக்கு முன்னால் ஒரு சின்னக் கிளுவை வாத்து வந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி வாத்தை இறங்கச் சொன்னாள். தலைவரை இன்னொரு சுற்று சுற்றி வரச் சொன்னாள்.

தலைவர் சுற்றினார். சுற்றும்போது கோபத்தில் ஏதோ திட்ட வாயைத் திறந்தார். ஒரு கெண்டை நழுவி விழுந்தது. கீழே இருந்த வாத்துகள் சிரித்தன.

போதாதா? ஏரியின் நிர்வாகம் பார்த்து வந்த மயிலிடம் அன்றைக்கே புகார் போயிற்று. மறுநாள் காலையில் மயில் ஆள்காட்டியைக் கூப்பிட்டு விட்டார். பெரியவரை வானத்தில் நிற்க வைப்பது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். இனிமேல் தலைவர் வந்தால் மற்றவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்றார்.

"எந்தப் பக்கம் விலகுவது, ஐயா?" என்றாள் ஆள்காட்டி. "ஒன்று இடப்பக்கம் விலகும், இன்னொன்று வலப்பக்கம் விலகும், கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒதுங்கி நிற்க வானத்தில் வரப்பா இருக்கிறது?"

"உனக்கு வாய் அதிகம்."

"வாய்க்காகத்தானே என்னை அங்கே நிறுத்தினீர்கள்?"

மயிலின் தோகை சிலிர்த்தது. பாறையை விட்டு இறங்கு என்று உத்தரவு போட்டார். பறவைகள் இறங்கும் நேரத்தில் இனி அவள் குரல் கேட்டால், ஏரியிலேயே அவளுக்கு இடமில்லை என்றும் சொன்னார்.

ஆள்காட்டி பதில் பேச வாயெடுத்தாள். பிறகு கரையைப் பார்த்தாள். அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே அவளுடைய முட்டைகள் கிடந்தன. ஏரியை விட்டுப் போவதென்றால் அவற்றையும் விட்டுப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு கோரைப் புல்லுக்குள் போனாள்.

பாறைக்குக் கிளி வந்தான். அவன் நல்ல வளர்ப்பு. வாசலுக்கு வந்தவரை நில் என்று சொல்வது தன் குலத்திலேயே கிடையாது என்பான். யார் வந்தாலும், "வாங்க, வாங்க" என்பான். யாரும் சுற்றவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. என்ன இனிமை, என்ன பணிவு என்று ஏரியே மெச்சியது.

கோரைக்குள்ளிருந்து ஆள்காட்டி மட்டும் வேறொன்றைப் பார்த்தாள். முதல்நாள் ஒரு கொக்கின் சிறகு இன்னொன்றின் சிறகை உரசியது. அடுத்த நாள் ஒரு வாத்து மயிரிழையில் தப்பியது. பொறுக்க முடியாமல் மயிலிடம் போய்ச் சொன்னாள்.

"மோதினார்களா?" என்று கேட்டார் மயில்.

"உரசினார்கள்."

"மோதவில்லை அல்லவா? போய் உன் முட்டையைப் பார்."

அந்த வாரமே நாரைக் குஞ்சுகள் முதன்முதலாகத் தாயோடு இரை தேடப் போயின. மாலையில் களைத்துப்போய், தாழப் பறந்து, இடைவெளிக்கு வந்தன. "நாரையம்மா, வாங்க" என்றான் கிளி. அதே நேரம் உயரத்திலிருந்து கூழைக்கடாத் தலைவர் சரிந்து இறங்கினார். பெரியவரை எப்படி நிற்கச் சொல்வது? "ஐயா, வாங்க, வாங்க" என்றான்.

தலைவரின் தாடைப் பை முட்டப் புடைத்திருந்தது. அதற்குக் கீழே குஞ்சுகள் வருவது அவருக்குத் தெரியவில்லை. குஞ்சுகளுக்கோ கண்ணெல்லாம் சூரியன்.

ஆள்காட்டி ஒருமுறை தன் முட்டைகளைப் பார்த்தாள். பிறகு கோரையைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பினாள்.

"கூழைக்கடா, மேலே போ! நாரையே, நீ இறங்கு!"

"ஐயா, நீங்க வாங்க" என்று கிளி குழறினான்.

ஒரு கணம் தலைவர் இரண்டு குரலுக்கும் நடுவே தொங்கினார். ஒன்று இனித்தது. மற்றது கரடுமுரடானது. ஆனால் எத்தனையோ மாலைகள் தன்னைப் பத்திரமாக இறக்கியது எந்தக் குரல் என்று அவருடைய சிறகுகளுக்குத் தெரிந்திருந்தது. அவை மேல் நோக்கி ஓங்கி அடித்தன. வாய் திறந்து மீனெல்லாம் கொட்டியது. கீழே குஞ்சுகள் மீன் மழையில் நனைந்தபடி தண்ணீரில் விழுந்து எழுந்தன. தலைவரின் கால் தாய் நாரையின் முதுகைக் கீறிப் பறித்த ஓர் இறகு மட்டும் நீரில் மிதந்தது.

மயில் கரைக்கு ஓடி வந்தார். "கத்தியது யார்?"

"நான்தான்" என்றாள் ஆள்காட்டி.

மயில் மிதந்த இறகைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் பாறைக்கே திரும்பலாம் என்றார். ஆனால் தலைவருக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

"முடியாது, ஐயா. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நானும் கிளிதான். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் வருகிறேன். இல்லையென்றால் கோரையில் நின்றே தினமும் கத்துவேன். முடிந்தால் துரத்திப் பாருங்கள்."

தாய் நாரை தன் குஞ்சுகளை நடத்திக்கொண்டு போய், ஆள்காட்டியின் முட்டைகளைச் சுற்றி நின்றுகொண்டாள். கொக்குகளும் வாத்துகளும் அங்கேயே வந்து நின்றன. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மாலை தலைவர் பை நிறைய மீனோடு வந்தார். முன்னால் அதே கிளுவை வாத்து. ஏரியே பாறையைப் பார்த்தது.

"தலைவரே, ஒரு சுற்று சுற்றி வாருங்கள்."

தலைவர் சுற்றினார், வாயை இறுக மூடிக்கொண்டு.

நீதி: 'நில்' என்று சொல்லத் துணியாதவர் சொல்லும் 'வா'வை நம்பி இறங்காதே.