கூகை கண்ட புகைத்திட்டு

குளக்கரை மருதமரத்தின் பொந்தில் கூகை ஒன்று இரண்டு முட்டைகளை அடைகாத்து வந்தது. இருட்டில் எலியின் மீசை அசைவதைக்கூடக் கண்டுவிடும் கண்கள் அதற்கு. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மார்கழி மாதம். வானத்தில் வரிசையாக நின்ற மூன்று விண்மீன்களுக்குக் கீழே வெளிறிய புகைபோல ஏதோ மிதந்தது.

"அங்கே ஒன்றுமில்லை. வெறும் தூசி," என்றது கூகை.

மரத்தடியில் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது. "கூகையம்மா, அந்தத் தூசிக்குள்ளே குஞ்சு விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன."

"உனக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. நீ எப்படிப் பார்த்தாய்?"

"பார்க்கவில்லை. என் உதட்டோரக் குழிகளில் அவற்றின் சூடு படுகிறது. தூசி வெளிச்சத்தை மறைத்துவிடும். சூடு அதைத் தாண்டி வந்துவிடும்."

கூகைக்குச் சுருக்கென்றது. "நேரில் பார்த்துவிட்டு வந்து உன் பொய்யைக் காட்டுக்கே சொல்கிறேன்," என்று கிளம்பியது. முட்டைகளின் நினைவே அதற்கு வரவில்லை.

உயர உயரப் பறந்தது. காடு பாசிபோலச் சுருங்கியது. குளம் ஒரு துளியாயிற்று. இறகுகளில் பனி பூத்தது. புகைத்திட்டு மட்டும் கிட்டே வரவே இல்லை. செம்மையும் சாம்பலுமாக, தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல மிதந்துகொண்டிருந்தது. கண்ணை எவ்வளவு அகல விரித்தாலும் தூசிதான் தெரிந்தது. சிறகு ஓய்ந்தபோதுதான் பொந்து ஞாபகம் வந்தது. பதறிக்கொண்டு இறங்கியது.

பொந்து நிறைய மலைப்பாம்பு! முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, உடம்பை நடுக்கியபடி கிடந்தது.

கூகைக்கு உயிரே போய்விட்டது. "என் பிள்ளைகளை விட்டுவிடு," என்று கெஞ்சியது.

"பயப்படாதீர்கள். முந்தாநாள் விழுங்கிய பெருச்சாளியே எனக்கு இன்னும் செரிக்கவில்லை. முட்டைகளின் சூடு குறைவது தெரிந்தது, ஏறி வந்தேன். எங்கள் இனத்தில் தாய் இப்படி நடுங்கித்தான் முட்டைக்குச் சூடு தருவாள்," என்றபடி மலைப்பாம்பு விலகியது. "ஒன்று உள்ளே புரள்கிறது."

கூகை முட்டையை உற்றுப் பார்த்தது. வெள்ளை ஓடுதான் தெரிந்தது. மார்பை வைத்து அமர்ந்தபோது கதகதப்பு ஏறியது. உள்ளே ஏதோ இலேசாக அசைந்தது.

கூகை தாழ்ந்த குரலில் கேட்டது. "மேலே அங்கே எத்தனை குஞ்சுகள்?"

"எண்ணி முடியவில்லை. சில இப்போதுதான் சூடேறுகின்றன," என்றது மலைப்பாம்பு.

கூகை கண்களை மூடிக்கொண்டு, அது சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை இல்லையென்று சொல்லிவிடாமல், அதை வேறு வழியில் அறிந்தவருக்குக் காது கொடுப்பதே அறிவு.