மூன்றாவது பேட்டரி

டாக்டர் ஜெயசீலன் பதினாறு ஆண்டுகள் மூளைக் கட்டிகளை அறுத்து எடுத்தவர். எடுத்த கட்டிகளில் பாதி திரும்பி வந்தன. அந்த அலுப்பில்தான், தன்னைவிட ஆறு வயது இளையவரான டாக்டர் மெஹருன்னிசாவிடம் வேலை கற்க வந்து சேர்ந்தார்.

மெஹருன்னிசா பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் வந்தவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை இறக்குவார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பதிப்பார்கள். அதிலிருந்து மின்துடிப்பு போகும். ஆடிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். முதல் முறை அதைப் பார்த்த அன்று ஜெயசீலன் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மாதம் கழித்து வேலாண்டி வந்தார்.

வேலாண்டி அருப்புக்கோட்டையில் சலூன் வைத்திருந்தவர். ஐம்பது வயதில் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கும் கையில் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்? கடையை மூடினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மெஹருன்னிசா அவருக்குக் கம்பி வைத்தார். கடை திறந்தது. ஐந்து வருடம் நடந்தது. பிறகு நோய் காலுக்கு இறங்கியது. நிற்க முடியாமல் கடையை மறுபடி மூடினார். குரலும் மெலிந்தது.

இப்போது கருவியின் பேட்டரி தீர்ந்துபோய் வந்திருந்தார். கட்டிலே அதிரும்படி கைகள் ஆடின. மனைவி பேச்சியம்மாள் ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கஞ்சி ஊட்டினார். பத்து நாளாக இப்படித்தான், தனக்கும் உட்கார்ந்தே தூங்கிப் பழகிவிட்டது என்றார்.

அன்றே பேட்டரியை மாற்றினார்கள். மாலையில் கருவியை இயக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கைகள் அடங்கின. கால்கள் அப்படியேதான் இருந்தன. கட்டிலிலிருந்து கழிவறை வரை போக இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் ஜெயசீலன் மெஹருன்னிசாவை நிறுத்தினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இது மூணாவது பேட்டரி. நோய் ஒரு நாள்கூட நிக்கல. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. முழுசா சரியாகாததுக்கு நாம எதுக்குத் திரும்பத் திரும்ப இதைச் செய்யறோம்?"

மெஹருன்னிசா சுவரில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். நாளைக்குக் காலை ரவுண்ட்ஸுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயசீலன் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. வேறு ஒரு நோயாளிக்காக மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார். காலையில் அப்படியே மெஹருன்னிசாவுடன் வார்டுக்கு வந்தார்.

வேலாண்டி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஜெயசீலனின் முகத்தையே பார்த்தார். பிறகு, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில், "சார் சவரம் பண்ணி ரெண்டு நாளாச்சா?" என்றார்.

மூன்று நாள் என்றார் ஜெயசீலன்.

தலையணைக்கடியில் ஒரு துணிப்பை இருந்தது. எங்கே போனாலும் அதை விடமாட்டார் என்று பேச்சியம்மாள் சொன்னார். வேலாண்டி அதை மடியில் வைத்துத் திறந்தார். உள்ளே சவரக்கத்தி, புது பிளேடு, பிரஷ், சோப்பு.

ஜெயசீலன் மெஹருன்னிசாவைப் பார்த்தார்.

"உக்காருங்க டாக்டர்" என்றார் அவர்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெயசீலன் உட்கார்ந்தார். எத்தனையோ பேர் தலையைத் திறந்தவர். இன்னொருவர் கத்திக்குக் கீழே தான் இருப்பது வேறு மாதிரி இருந்தது. நேற்று மதியம் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்ட அதே கை கன்னத்தைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கத்தி காதோரத்தில் இறங்கியது. தாடை வளைவில் திரும்பியது. தொண்டைக்கு வந்தபோது வேலாண்டி இரண்டு விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கீறல்கூட விழவில்லை.

ஜெயசீலன் கண்ணைத் திறந்தபோது பேச்சியம்மாள் தூங்கிப் போயிருந்தார். தரையில் காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். யாரும் அவரை எழுப்பவில்லை.

வலது கன்னம் முடிந்தது. வேலாண்டி கத்தியை மடக்கி மடியில் வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கை நல்லாத்தான் இருக்கு சார். உடம்புதான் அசந்துபோச்சு. இன்னிக்கு இவ்வளவுதான் முடியும்."

ஜெயசீலன் வழித்த கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், இந்தப் பக்கம்?"

மெஹருன்னிசா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருந்தார். நோயாளியின் சீட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"அதை நீங்க வீட்டுல எடுத்துக்கங்க."