சுண்ணாம்பை மறந்த மாப்பிள்ளை

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கெடையாது. பொய்யின்னா என் வேட்டி இங்கயே அவுந்து விழட்டும்! இருங்க, எதுக்கும் ஒரு கையால புடிச்சுக்கிறேன்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, கழுதைக்குக் கொம்பு வைக்கலாமா வேணாமான்னு சாமி யோசிச்சுக்கிட்டிருந்த காலத்துல, ஆலம்பாடி ராச்சியத்துல கூத்தன்னு ஒரு விறகுவெட்டி இருந்தான். அவனுக்கு ஒரே தங்கச்சி, செம்பாயி. அண்ணனுக்கு வாய் கெடையாது. அந்த வாயையும் சேத்து இவ வாங்கிட்டு வந்துட்டா.

கூத்தனுக்குக் கல்யாணம் கூடிச்சு. வீடு வீடா வெத்தலை பாக்கு வச்சு அழைச்சான். மலையடிவாரத்து மந்திரவாதி குடுமிநாதனையும் அழைச்சான். அந்தாளுக்கு மூணு முழக் குடுமி. குடுமி நின்னாத்தான் மந்திரம் நிக்கும். அதனால மனுசன் தூங்குறதுகூட உக்காந்துக்கிட்டுத்தான்.

மந்திரவாதி தட்டப் பாத்தான். "வெத்தலை இருக்கு, பாக்கு இருக்கு. சுண்ணாம்பு எங்கடா?"

"ஐயையோ, மறந்துட்டேன் சாமி."

"வெறும் எலையத் திங்க நான் என்ன ஆடா? புடி சாபம்! தட்ட நீட்டுன இந்தக் கை எதக் கட்டினாலும் நிக்காது!"

கூத்தன் பயந்துபோய் யாருகிட்டயும் மூச்சு விடல.

கல்யாணத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளையச் சோடிக்க ஆரம்பிச்சாங்க. கூத்தன் பட்டு வேட்டிய எடுத்தான். கட்டினான், இழுத்துக் கட்டினான், இறுக்கிக் கட்டினான். சர்ர்ர்! இடுப்புல துண்டக் கட்டினான், இழுத்துக் கட்டினான், இறுக்கிக் கட்டினான். சர்ர்ர்! தலைப்பாகையும் அப்படித்தான். சர்ர்ர்ருன்னு எறங்கி மூக்குல வந்து ஒக்காந்துச்சு.

"உள்ள என்னண்ணே சத்தம், பாம்பு கீம்பு புகுந்துருச்சா?"ன்னு கதவுக்கு வெளிய இருந்து கேட்டா செம்பாயி.

அப்பத்தான் கூத்தன் எல்லாத்தையும் சொன்னான்.

"இதுக்குப் போயி அழுவுறியா? நகருடா மாப்ள"ன்னு தாய்மாமன் வந்து கட்டிவிட்டாரு. வேட்டி நின்னுச்சு, துண்டு நின்னுச்சு, தலைப்பாகையும் நின்னுச்சு.

"இனி எல்லாத்தையும் நீங்களே கட்டிவிடுங்க மாமா!"

"வேட்டிய மாமா கட்டுவாரு. தாலியையும் மாமாவே கட்டுவாரா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்தா செம்பாயி.

மாமன் மெல்ல மீசைய முறுக்கினாரு.

"மாமா, கைய எறக்குங்க."

கூத்தன் மொகம் வெளுத்துப்போச்சு. நாத்தனா ரெண்டு முடிச்சு போடலாம். ஆனா மொத முடிச்சு மாப்பிள்ளை கையாலதான் விழணும். அது அவுந்து, தாலி பொண்ணு மடியில விழுந்தா? ஊரு அந்தப் பொண்ணத்தானே ராசியில்லாதவன்னு ஏசும்!

பந்தலுக்குப் போனா செம்பாயி. வேடிக்கை பாக்க மொத வரிசையிலயே ஒக்காந்திருந்தான் மந்திரவாதி.

"இந்தாங்க சாமி, சுண்ணாம்பு. தப்பு எங்களதுதான். சாபத்த எடுத்துருங்க."

"விட்ட வாக்கு விட்டதுதான். போ புள்ள."

"சரி சாமி. ஆனா இம்புட்டுப் பெரிய சபையில உங்க குடுமி ஒரு நூல் சாஞ்சிருக்கே! மாப்பிள்ளை கையாலயே எடுத்துக் கட்டி, பூச்சுத்தி விடச் சொல்றேன். ராசாவுக்கே கெடைக்காத மரியாதை!"

"ராசாவுக்கேவா?" மந்திரவாதிக்குப் பல்லெல்லாம் வெளிய வந்துருச்சு. தலையக் குனிஞ்சான்.

கூத்தன் கட்டினான், இழுத்துக் கட்டினான், இறுக்கிக் கட்டினான்.

சர்ர்ர்!

மூணு முழ முடியும் மூஞ்சி மேல விழுந்துச்சு. மந்திரம் புஸ்ஸுன்னு போச்சு. கூத்தன் தலைப்பாகைய அவுத்துத் தன் கையாலயே கட்டிப் பாத்தான். மலை மாதிரி நின்னுச்சு! கெட்டிமேளம் கொட்ட, தாலியக் கட்டினான். அதுவும் நின்னுச்சு. மிச்சம் ரெண்டு முடிச்ச செம்பாயி போட்டா.

"அம்மாடி, என் குடுமிய யாராச்சும் கட்டிவிடுங்களேன்"னு முடிக்குள்ள இருந்து ஒரு குரல்.

"இனிமே யாரையும் சபிக்க மாட்டேன்னு இந்தச் சுண்ணாம்பு மேல சத்தியம் பண்ணுங்க"ன்னா செம்பாயி.

பண்ணினான். செம்பாயி கட்டிவிட்டா. வெத்தலை போட்டுச் செவந்த வாயால, "உன் கை போட்ட முடிச்சு ஆயுசுக்கும் அவுராது தாயி"ன்னு வாழ்த்திட்டுப் போனான். அதுக்கப்புறம் அரண்மனைக் கல்யாணத்துக்குக்கூட முடிச்சு போட அவளுக்குத்தான் பல்லக்கு வந்துச்சு.

கதை முடிஞ்சுது. ஒரு கை இன்னும் வேட்டியப் புடிச்சிருக்கு. இன்னொரு கை சும்மா நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு. மடியில முடிஞ்சு வச்சிருக்கிற முறுக்க அதுல வைங்க. முடிச்சு அவுரலங்கிற சாக்கெல்லாம் வேணாம், எனக்குப் பல்லு இருக்கு!