மல்லித்தழையின் அவசரம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது, கடைசியில்தான் வரும். அதுவரை வாயை மூடி வைத்துக்கொள்ளுங்கள். கதையிலும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நிற்கும்போதுதான் அது வரப்போகிறது.

அந்தக் காலத்தில் செடிகளுக்குப் பேச்சு உண்டு. ஆவுடை என்பவளின் அடுக்களைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு கறிவேப்பிலையும் ஒரு மல்லியும் பேசிக்கொண்டே நின்றன. அன்றைய மல்லி இன்றைய மல்லி இல்லை. வருஷக்கணக்காக உயிரோடிருந்து, இடுப்புயரப் புதராக நிற்கும். குழம்பு கொதிக்கும்போது ஆவுடை ஓடிவந்து ஓரத்து இலைகளை நகத்தால் கிள்ளிக்கொண்டு போவாள். கிள்ளிய இடம் மறுபடி தழையும்.

ஆனால் பூத்துக் காய்த்துவிட்டால் மல்லியின் ஆயுசு அதோடு சரி. அதனால் அது பூவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. கறிவேப்பிலையைப் போல மரமாகிவிட வேண்டும் என்று அதற்கு ஆசை.

“மதினி, நான் எப்போ உங்க உயரம் வருவேன்?”

“பூக்காம இரு. வந்துருவே.”

அடுக்களைப் புகைக்கூண்டில் ஒரு மைனா குடியிருந்தது. இளவட்டம். வேலை வெட்டி கிடையாது. காதில் விழுகிற குரலையெல்லாம் வாயில் எடுத்துக்கொள்ளும். மோர் கடைகிற சத்தம் போடும். தன் வேருக்குப் புளித்த மோர் வருகிறதென்று கறிவேப்பிலை இலையை ஆட்டும். பூனையாகக் கத்தும், பூனையே திரும்பிப் பார்க்கும். ஆவுடையின் புருஷனைப் போலத் தும்மும், “வெந்நீ வைக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து ஆவுடை கேட்பாள். அவர் வயலில் இருப்பார்.

ஒருநாள் ஆவுடை, மகளின் பேறுகாலத்துக்காக வாசல் வழியே வெளியூர் போய்விட்டாள். பின்னால் நிற்கிற செடிகளுக்கு அது தெரியாது. புகைக்கூண்டின் உச்சியில் இருந்த மைனாவுக்குத் தெரியும். அவள் புருஷன் காலையில் வந்து, வாய் திறக்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்.

பேச்சுக் குரலே இல்லாத வீடு மைனாவுக்குச் சலித்துப்போயிற்று. கோரைப்புல்லைப் பார்த்து ஆவுடை வழக்கமாகச் சொல்வதை, அவள் குரலிலேயே எடுத்துவிட்டது.

“வேரோட பிடுங்கிர வேண்டியதான்.”

கீழே மல்லி நடுங்கியது. மைனா அதைப் பார்த்துவிட்டது. பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

“ஏட்டி மல்லி, உன்னைத்தான். நாளைக்கு வேரோட பிடுங்கிர வேண்டியதான்.”

மல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. “மதினி, கேட்டீங்களா?”

“கேட்டேன். ஆனா அவ என்னைக்கு நம்மகிட்ட சொல்லிட்டு வந்து பறிச்சிருக்கா? கொதி வந்ததும் ஓடி வருவா, கிள்ளுவா, ஓடுவா.”

“உங்களுக்கென்ன, மரமாயிட்டீங்க. வேரோட போகப்போறது நான்லா.”

காலையில் குரல் வந்தது. மத்தியானம் வந்தது. கண் அசரும் நேரம் பார்த்து மறுபடி வந்தது. செம்பு தரையில் இடித்தால் மல்லி துள்ளியது. கதவு கிறீச்சிட்டால் ஒடுங்கியது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒவ்வொரு நாளும் போக, எந்த நாளை அந்த நாளையென்று தெரியாமல் அது தவித்தது. ஒரு விதைகூட மண்ணில் விழாமல் பிடுங்கிவிட்டால், மல்லி என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடுமே.

“மதினி, நான் பூத்துருதேன்.”

“பூத்தா போயிருவே, பிள்ளே.”

“பூக்கலைன்னாலும் போயிருவேன். பிள்ளைகளாவது மிஞ்சட்டும்.”

தண்டு விறுவிறுவென்று மேலே ஓடியது. அகன்ற இலைகள் நூலாகச் சிறுத்தன. வெள்ளைப் பூ வந்தது, பச்சைக் காய் உருண்டது. மைனாவுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டது. நீங்களும் அடக்குங்கள்.

பேரனைப் பார்த்துவிட்டு ஆவுடை திரும்பி வந்தாள். வாய் நிறைய வெற்றிலை. ரசத்துக்கு நாலு இலை கிள்ளலாமென்று நேராகப் பின்பக்கம் வந்தவள், குச்சியாக நின்ற மல்லியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கிள்ளுவதற்கு ஓர் இலை இல்லை. மல்லி தன் காய்களை இறுக்கிக்கொண்டது.

அப்போது புகைக்கூண்டிலிருந்து ஆவுடை பேசினாள்.

“வேரோட பிடுங்கிர வேண்டியதான்.”

பேசிவிட்டுச் சிரித்தாள். இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கி, அக்கம்பக்கத்து வீடு கேட்கச் சிரிக்கும் ஆவுடையின் அதே சிரிப்பு. கீழே நின்ற ஆவுடையின் வாய் மூடியே இருந்தது. ஒரு கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது.

அவள் அண்ணாந்து புகைக்கூண்டைப் பார்த்தாள். பிறகு மல்லியைப் பார்த்தாள். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“எவன் சொன்னாலும் சரியாத்தான் சொல்லுதான். இத்தன வருஷம் எனக்கு இது தோணலையே. பூக்கிறதுக்கு முன்ன வேரோட பிடுங்கியிருந்தா ஒரு கட்டுத் தழை கிடைச்சிருக்கும்லா.”

மல்லி அவள் வாயைப் பார்த்தது. புகைக்கூண்டைப் பார்த்தது. அங்கே சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

“மதினி,” என்றது மெதுவாக, “அப்போ இத்தன நாளும்...”

கறிவேப்பிலை குனிந்து மல்லியின் காய்களுக்கு நிழல் பிடித்தது.

அந்தப் பதற்றம் விதைக்குள்ளேயே இறங்கிவிட்டது. கொஞ்சம் வெயில் ஏறினால் போதும், மல்லி பூக்க ஓடுகிறது. கறிவேப்பிலையைக் கொத்தாக ஒடிக்கிற நாம், புதினாவை நுனி கிள்ளுகிற நாம், மல்லியை மட்டும் அது ஓடுவதற்கு முன் வேரோடு பிடுங்குவது அன்று முதல்தான்.