வரிசைக்கு வராத கார்

வெட்கம் எத்தனை நாளில் போகும் என்று கேட்டுக்கொண்டு தேவசிகாமணி தன் ஆசிரியையிடம் வந்தது, பந்தயம் முடிந்த பன்னிரண்டாம் நாள் காலையில். பந்தயம் முடிந்தது என்பது மற்றவர்கள் கணக்கு. அவருக்கு அது தொடங்கவே இல்லை.

ஆசிரியை கோகிலவாணிக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பது. குரு வயதில் இளையவராக இருப்பதற்குச் சுவாமிமலையிலேயே முன்னுதாரணம் உண்டு என்பதால் கோவையில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஓடுதளத்தில் அவர் கார்ப் பந்தயம் கற்றுத்தந்தார். சீடர்கள் அவரை டீச்சர் என்றார்கள். தன்னைவிட மூத்த சீடர்களை அவர் அண்ணா என்றார்.

நடந்தது இதுதான். பந்தயத்துக்கு முன்னால் எல்லாக் கார்களும் ஒருமுறை ஓடுதளத்தை மெதுவாகச் சுற்றி வரவேண்டும். டயர் சூடாவதற்காக. சூடாகாத டயர் சாலையைப் பிடிக்காது. அந்தச் சுற்றில் யாரும் யாரையும் முந்தக் கூடாது, முந்தினால் தண்டனை. ஆகவே, யாரும் யாரிடமும் தோற்க முடியாத ஒரே சுற்று அதுதான். அதை முடித்து அவரவர் கட்டத்தில் வரிசையாக வந்து நின்ற பிறகே பந்தயம்.

பதினோரு வருஷமாக ஓட்டிவந்த தேவசிகாமணிக்கு அன்றுதான் வரிசையில் முதல் கட்டம் கிடைத்திருந்தது. கைதட்டுவதற்காக அவருடைய குடும்ப மில்லிலிருந்து இரண்டு பஸ் நிறையத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். மில்லுக்கு அன்று விடுமுறை. வருகைப்பதிவு மட்டும் பஸ்ஸிலேயே எடுத்தார்கள்.

கடைசித் திருப்பத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு கையை வெளியே நீட்டி அவர்களைப் பார்த்து ஆட்டினார். இன்னொரு கையால் காரைத் திருப்பிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்சக்கரங்கள் வழுக்கின. கார் ஒரு முழு வட்டம் அடித்து, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் மூக்கால் முட்டி நின்றது. பின்னால் வந்த இருபத்திரண்டு கார்களும் ஒவ்வொன்றாக, மெதுவாக, சாவு வீட்டைக் கடப்பதுபோல அவரைக் கடந்து போயின. முதல் கட்டம் காலியாகக் கிடக்கப் பந்தயம் தொடங்கியது.

முடிவுத்தாளில் இப்படிப்பட்டவரை மோதியவர் என்றோ தோற்றவர் என்றோ எழுதுவதில்லை. தொடங்கவில்லை என்று எழுதுவார்கள். விதி எழுதியவர்களுக்கும் இரக்கம் உண்டு.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தன் அணியின் கூடாரத்துக்கு நடந்து வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்ட அணி முதலாளியிடம் ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே சொன்னார்: "பிரேக் பிடிக்கலைங்க."

காரின் முன்பக்கம் நொறுங்கியிருந்ததால் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ எடுத்த வீடியோவில் கை தெரியவில்லை. கையை ஆட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பஸ் நிறைய இருந்தார்கள். எல்லோரும் மில்லில் வேலை பார்ப்பவர்கள்.

அன்று அந்தக் காருக்குப் பிரேக் மாட்டியவர் அய்யாவு. இருபத்தாறு வருஷமாகப் பந்தயக் கார்களில் அதே வேலை. மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தப் பக்கப் பிரேக் பிடிக்கலைன்னு தம்பி சொல்லுச்சு?" முதலாளி தேவசிகாமணிக்குப் போன் போட்டுக் கேட்டார். "ரெண்டு பக்கமும்ங்க" என்று பதில் வந்தது.

"ரெண்டுமா" என்றார் அய்யாவு. ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் கோகிலவாணி ஓடுதளத்தின் ஓரச் சுவரில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த வெட்கம் எத்தனை நாள்ல போகும்?"

"எந்த வெட்கம்ண்ணா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. ஊரெல்லாம் வீடியோ சுத்துது. நான் போய் முட்டற எடத்துல நாதஸ்வரம் சேர்த்துப் போட்டிருக்கானுங்க. நேத்து ஒரு கல்யாண மண்டபத்துல காரை நிறுத்தப் போனா, வாட்ச்மேன் ஓடி வந்து, பார்த்து சார், மெதுவா சார்ங்கறான்."

"பொறுப்பான ஆள்."

"சிரிக்காதீங்க. பந்தயத்துக்கு முன்னாடியே இப்படி வேற யாருக்காச்சும் ஆயிருக்குதுங்களா?"

"நெறைய. ஒருத்தர் காரை ட்ரெய்லர்ல இருந்து இறக்கறப்போ சக்கரத்துக்குக் கல்லு வைக்க மறந்துட்டார். கார் தானா உருண்டு போய் டீக்கடையில நின்னுது."

"உள்ள ஆளு?"

"ஆளே இல்லை. அதனால டீயும் சொல்லலை."

தேவசிகாமணியின் உதடு சற்றே அசைந்தது.

"அப்புறம் அம்புரோஸ்னு ஒருத்தர். பந்தயத்தன்னைக்குக் காலையில திருஷ்டிப் பூசணிக்காயை அவரே கார் முன்னாடி உடைச்சார்."

"அவர் வேதக்காரராச்சே?"

"பந்தயத்தன்னைக்கு எல்லாருக்கும் எல்லாச் சாமியும் வேணும்ண்ணா. ஓரமா உடைக்கணும்னு மட்டும் தோணலை. ஏறி உட்கார்ந்தார், கெளப்பினார், பூசணிக்காய் மேலயே வழுக்கிப் பக்கத்துக் கார்ல போய் மோதினார். ஓடுதளத்துக்குள்ளயே இன்னும் போகலை."

பன்னிரண்டு நாளில் முதல்முறையாக தேவசிகாமணி வாய்விட்டுச் சிரித்தார். சுவரில் அவரும் ஏறி உட்கார்ந்து இரண்டு கடலை எடுத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"விபத்து அறிக்கையில காரணம்னு ஒரு கட்டம் இருக்குமில்ல? அதுல பூசணிக்காய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரே வார்த்தை."

"விட்டிருக்க மாட்டானுங்களே."

"ரெண்டு வருஷம் பூசணி, பூசணின்னுதான் கூப்பிட்டாங்க. அவரும் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் ஆறு வருஷம் ஓட்டினார்."

"ரெண்டு வருஷமா!" தேவசிகாமணி சிரிப்பை நிறுத்திவிட்டார். "எனக்கு மூணு நாள்தானுங்க இருக்குது. திங்கக்கெழமை அடுத்த வருஷம் ஓட்டறதுக்கு ஒப்பந்தக் கையெழுத்து. கார் மேலதான் தப்பு, ஓட்டினவன் மேல இல்லைன்னு முதலாளியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். அதுலதான் என் சீட்டு நிக்குது. நாற்பது வயசுல இதை விட்டா அடுத்த சீட்டு கெடையாது. கையெழுத்துப் போடறப்போ மூஞ்சியில வெட்கம் தெரியக் கூடாது பாருங்க."

"அய்யாவு அண்ணன்?"

"பாவம்ங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் கை தப்பறதுதான். அவரும் மனுசன்தானே? நான் அவரை ஒரு வார்த்தை திட்டலைங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில், மன்னித்தவர்களுக்கு வரும் கனிவு வந்திருந்தது.

கோகிலவாணி மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஹெல்மெட் கொண்டு வந்தீங்களா?"

"வண்டியில கெடக்குதுங்க."

"எடுத்துட்டு வாங்க. ஷெட்டுல நீலக் கார் நிக்குது. அஞ்சு சுத்து போய்ட்டு வாங்க."

"நான் கேட்டது வெட்கத்துக்கு."

"அதுக்குத்தான்."

நீலக் கார் ஒற்றை இருக்கைப் பயிற்சிப் பள்ளிக் கார். தேவசிகாமணி அதற்குள் இறங்கிக் கால்களை நீட்டி பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேண்ணா. இந்தக் காருக்குப் பிரேக் மாட்டினது அய்யாவு அண்ணன்."

"சரிங்க."

"போன வாரம் மாட்டினார். தனியா. அப்புறம் வேற யாரும் கை வைக்கலை."

"அதான் சரின்னேனுங்களே. டயர்ல காத்து எவ்வளவு?"

டீச்சர் சொன்னார். அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

அந்த ஓடுதளத்தில் ஒரு நீண்ட நேர்சாலை உண்டு. அதன் முடிவில் வலப்பக்கம் சட்டென்று திரும்பவேண்டும். திரும்பாதவர்களுக்காக எதிரே ஒரு சுவர் இருக்கிறது. சுவருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்ல ஓரத்தில் பலகைகள் நட்டிருக்கிறார்கள்: நூற்றைம்பது மீட்டர், நூறு, ஐம்பது. நிதானமானவர்கள் முதல் பலகையில் பிரேக் போடுவார்கள். துணிந்தவர்கள் இரண்டாவதில். மூன்றாவது பலகை அலங்காரத்துக்கு.

முதல் சுற்றில் அவர் நூற்றைம்பதில் பிரேக் போட்டார். மூன்றாவதில் நூற்றில். ஐந்தாவது சுற்றில் நூறு தாண்டியும் எஞ்சின் சத்தம் குறையவில்லை. ஓரச் சுவரில் நின்று கடிகாரத்தைப் பிடித்திருந்த டீச்சர் அதைப் பார்க்காமல் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் மூக்கைத் தரையில் அழுத்தி, நேராக, ஓர் அசைவில்லாமல் வேகம் குறைந்து திரும்பிப் போயிற்று.

தேவசிகாமணி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் பளபளத்தது. பத்து வயது குறைந்திருந்தது.

"எவ்வளவுங்க?"

"ஒரு நிமிஷம் பதினாலு."

"இந்தக் கார்ல யாரும் பதினாறுக்குக் கீழ போனதில்லையே!"

"போனதில்லை. நேர்சாலை முடிவுல எங்க பிரேக் போட்டீங்க?"

"எண்பதுலங்க! நூறு பலகையைத் தாண்டி. போடலாம்னு தோணுச்சு, போட்டேன். காலை வெச்சதும் கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்னுது. ரெண்டு பக்கமும் ஒரே சீரா. என்ன கைங்க அந்த மனுசனுக்கு…"



எஞ்சின் ஆறும்போது எழுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் சுவரில் மறுபடி உட்கார்ந்து கடலையை எடுத்தார்.

"அது வேற கார்ங்க" என்றார் தேவசிகாமணி.

"ஆமாண்ணா. வேற கார்தான்."

"அன்னைக்கு டயர் சூடாகலை. அதுவும் ஒரு காரணம்."

"அறிக்கையில எழுதியிருக்கலாமே."

அவர் காரைவிட்டு இறங்கினார். பெல்ட்டைச் சுருட்டி இருக்கையில் வைத்தார். பிறகு அதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

"இப்பப் போய்ச் சொன்னா முதலாளி என்னைப் பொய்யன்னுவார். சீட்டும் போயிடும்."

டீச்சர் இன்னொரு கடலையை உடைத்தார்.

"சொல்லாம இருந்தா யாருக்கு என்ன கெடுதலுங்க? அவருக்கு ஒரு வேலை வேணும், அவ்வளவுதானே?" அவருக்கு ஏதோ வழி தெரிந்துவிட்டது, குரல் மறுபடி நிமிர்ந்தது. "நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நம்ம மில்லு லாரி ஷெட்டுல சேர்த்துக்கலாம். இல்லை, வேண்டாம், அவர் பந்தயக் கார் மனுசன். நீங்களே இங்க வேலைக்கு வெச்சுக்குங்க டீச்சர். ஆகற சம்பளத்தை நான் பார்த்துக்கறேன். நான்தான்னு அவருக்குத் தெரிய வேண்டாம். பெரிய மனசு பண்ணி இதைச் செஞ்சீங்கன்னா எனக்கும் நிம்மதி."

"வெச்சிருந்தேண்ணா. அவரை நிறுத்தின மறுநாளே இங்க வந்துட்டார்."

"அட! இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எங்க ஆளைக் காணோம்?"

"நேத்து போயிட்டார். சோமனூர்ல தறி ரிப்பேர் பண்ற கடைக்கு."

"தறியா? ஏனுங்க, நீங்க போகச் சொன்னீங்களா?"

"நான் இருங்கன்னுதான் சொன்னேன். வந்த அன்னைக்கே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். யார் காருக்குள்ள உட்கார்ந்தாலும், பிரேக் மாட்டினது அய்யாவுன்னு முதல்லயே சொல்லிடணும். பின்னாடி எந்தப் பேச்சும் வரக் கூடாதுன்னார்."

"சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். நானே அவங்க முன்னாடி ஓட்டியும் காட்டினேன். ஒன்பது பேர் வந்தாங்க. ஒன்பது பேரும் பேரைக் கேட்டதும் பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கிட்டாங்க. அவர் அந்த ஷெட்டு வாசல்லதான் நின்னுட்டிருந்தார்."

தேவசிகாமணி ஷெட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

"பத்தாவது ஆள் நீங்க" என்றார் டீச்சர். "பேரைக் கேட்டும் இறங்காம உட்கார்ந்திருந்தது நீங்க ஒருத்தர்தாண்ணா."