மூணு சட்டி மண்

"கழிச்சா எப்படி சார் கூடும்?"

கேட்டவள் முப்பிடாதி, ஏழாம் வகுப்பு பி பிரிவு. ஐந்திலிருந்து மைனஸ் மூன்றைக் கழித்தால் எட்டு என்று போர்டில் எழுதியிருந்தது.

"ரூல் அப்படித்தான். எழுதிக்கோ" என்றார் கணக்கு வாத்தியார் அருணகிரி.

அவள் மறுபடியும் கேட்டாள்.

மூன்றாம் தடவை கேட்டபோது, "உனக்குன்னு தனியா ஒரு கணக்கு கண்டுபிடிக்கணுமோ?" என்றார். வகுப்பே சிரித்தது.

அதோடு அவள் கையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை டெஸ்ட் பேப்பரில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தாள். வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை.

அருணகிரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தார், எழுந்தார், டீயை ஆறவிட்டார். பதினாலு வருஷமாக அந்த ரூலைச் சொல்லித் தருகிறார். அது ஏன் அப்படி என்று அவருக்கே தெரியாது. இதை வெளியே சொல்ல முடியுமா, மானம் போகாதா?

கடைசியில் கிரவுண்டுக்குப் போனார். முப்பிடாதி ஓட்டக்காரி. இப்போதெல்லாம் பி.டி. டீச்சர் பாக்கியமேரியிடம் மட்டும்தான் வாய் திறக்கிறாள்.

கணக்கு வாத்தியார் பி.டி. டீச்சரைத் தேடி எதற்குப் போவார் என்று ஊருக்கே தெரியும். பாக்கியமேரி நிமிராமலே சொன்னாள்: "பீரியட் தர மாட்டேன் சார். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே."

"பீரியட் வேண்டாம் டீச்சர். முப்பிடாதி பேச மாட்டேங்கிறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"என்னன்னு?"

"பழையபடி கேள்வி கேக்கச் சொல்லுங்க."

"கேட்டா பதில் சொல்வீங்களா?"

அருணகிரி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினார்.

"'சாருக்கும் தெரியாது டீச்சர், அதான் கோவம் வருது'ன்னு அவ எங்கிட்ட சொன்னா."

அருணகிரியின் முகம் செத்துப்போயிற்று. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

"சும்மா நடக்கிறதுக்கு ஒரு வேலை பாருங்க" என்றாள் பாக்கியமேரி. "மூணாவது லேன்ல ஒரு குழி கிடக்கு. நாளைக்கு அதுல ஓடப்போறதே அவதான். குழி இருக்கக் கூடாது."

"நான் என்ன கேட்டு வந்தேன், நீங்க என்ன..."

"சட்டி அந்தா இருக்கு."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் சுவரோரம் குவிந்திருந்த மண்ணை வெட்டிச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். குழி நிரம்பவில்லை. இன்னொரு சட்டி. அப்புறமும் ஒன்று. காலால் மிதித்துச் சமப்படுத்தினார். சட்டையெல்லாம் வேர்வை.

"ஆச்சு. போதுமா?"

"எவ்வளவு பெரிய குழி சார்?"

"மூணு சட்டிக் குழி."

"இப்ப அது எங்க?"

"இல்ல. குழியையே எடுத்தாச்சு."

"அதை எடுத்ததுல தரைக்கு என்ன ஆச்சு, குறைஞ்சுதா?"

"எப்படிக் குறையும்? மூணு சட்டி மண்ணு கூடித்தான்..."

சட்டி கையிலிருந்து நழுவியது.

"கூடித்தான்?" என்றாள் பாக்கியமேரி.

"டீச்சர், உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியுமா?"

"அட போங்க சார். எனக்குக் குழி மூடணும், அவ்வளவுதான்."

அருணகிரி வகுப்புக்கு ஓடினார். பிள்ளைகள் அவர் கையிலும் வேட்டிக் கரையிலும் அப்பியிருந்த மண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"முப்பிடாதி, நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் தெரியல. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு உன்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன். தப்பு என் பேர்லதான்."

சிரிப்பு நின்றது.

பிறகு குழிதான் மைனஸ் மூன்று, அதை எடுத்தால் மூணு சட்டி மண் கூடும் என்று சொன்னார். அவள் டெஸ்க்கைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் அப்படியே இருந்தாள். போச்சு, இனி இந்தப் பிள்ளை பேசாது என்று நினைத்துச் சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

முப்பிடாதியின் கை மெதுவாக உயர்ந்தது.

"சார், அப்போ மைனஸை மைனஸால பெருக்கினா?"

அருணகிரி புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் அதற்கும் ஒரு ரூல் இருக்கிறது.

சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"தெரியலம்மா. சட்டி இருக்கிற இடம் தெரியும். வா."