ஆவாரஞ்செடியை மறந்த ஊர்

நெட்டைக்காட்டுப்புதூரில் யோசிக்காத ஆளே கிடையாது. அதுதான் அந்த ஊரைப் பிடித்த கேடு. ஊர்த்தலைவர் பொங்கியண்ணன் எல்லோருக்கும் முந்தி யோசிப்பவர். அவர் நெற்றியைச் சுருக்கினாலே போதும், அவருக்கு வாழ்க்கைப்பட்ட தெய்வாத்தாள் அடுத்த கூத்துக்குத் தயாராகிவிடுவாள்.

மார்கழிக் கடைசி நாளில் வீட்டு வாசலில் பூங்கொத்துச் செருகிக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும். அந்த ஊரில் ஒரு செடி கிடையாது. வருஷா வருஷம் தெய்வாத்தாளின் அண்ணன் சென்னியப்பன்தான் தன் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். போன தடவை பூவோடு வாயையும் கொண்டுவந்தார்.

"ஏனுங் மாப்ளே, ரோட்டோரம் தானா மொளைக்கற செடிகூட உங்க ஊரைக் கண்டா ஒதுங்கிப் போகுதாட்ட இருக்குது?"

பொங்கியண்ணனின் மீசை துடித்தது. அவரிடம் உருப்படியாக வளர்ந்தது அது ஒன்றுதான் என்பது தெய்வாத்தாளின் கட்சி.

"அடுத்த காப்புக்கு எங்க ஊர்ப் பூத்தான் மச்சான்! உங்க ஊர்ப் பூ எங்க ஊட்டு வாசல்ல ஏறுச்சுன்னா இந்த மீசையை எடுத்தர்றேன்!"

நர்சரிக்காரர் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி கொடுத்தார். "வெயில் படற மேட்டுல நடுங்க. வேர் புடிக்கற வரைக்கும் தண்ணி ஊத்துங்க, அப்பறம் மறந்துருங்க. தண்ணி நின்னா அழுகிப்போகும். ஆடு வாய் வெக்காது, வேலியும் வேண்டாம். அதும்பாட்டுக்குப் பூத்துக் கொட்டும்."

நட்டார்கள். வேர் பிடித்துத் துளிர்விட்டதும் மீட்டிங் போட்டார்கள்.

"தண்ணி ஊத்தாம இருக்கறது லேசுங்க. மறக்கறதுதான் கஷ்டம்" என்றார் நஞ்சப்பன்.

"எனக்கு மறதி சாஸ்தி. ஊருக்காக நான் ஒருத்தனே மறந்துக்கறேன்" என்றான் ஆறுக்குட்டி.

"நீ மறந்துட்டியான்னு எப்படித் தெரியும்?"

"தெனமும் காலைல செடிகிட்டப் போயி சரிபாத்துக்கறனுங்க."

பொங்கியண்ணன் நெற்றியைச் சுருக்கினார். மறுநாளே செடிக்குப் பக்கத்தில் பலகை நின்றது: 'இங்கே ஆவாரஞ்செடி இருப்பதை அனைவரும் மறக்கவும்.' ஞாபகம் வைத்திருப்பவன் அபராதமாக ஊருக்கே போண்டா வாங்கித்தர வேண்டும்.

அன்றிலிருந்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அந்த வழியாகப் போனார்கள். நஞ்சப்பன் கரண்டு கம்பத்தில் மோதி மண்டை புடைத்தது. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் போண்டா.

ஆடு வாய் வைக்காது என்றாரே, அதையும் விட்டுவைக்கவில்லை. ஆறுக்குட்டி தன் ஆட்டைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து செடிமுன் நிறுத்தினான். கண்ணைக் கட்டியிருந்தது அவனுக்கு. ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தெய்வாத்தாள் மேட்டுக்குப் போய்ப் பார்த்தால், தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு செடிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தொப்பல்.

"ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா கொடை புடிக்கறேன்."

"எதுக்கு?"

"அதை மறந்துட்டேன் அம்முணி."

அப்படியும் அந்தச் செடி பூத்ததே, அதைச் சொல்லுங்கள்! மார்கழிக் கடைசியில் பலகையின் எழுத்தே தெரியாதபடி மஞ்சளாகக் கொட்டிக்கிடந்தது. நஞ்சப்பனோடும் ஆறுக்குட்டியோடும் அதன் முன்னால் நின்றுகொண்டு தலைவர் கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"காப்புக்குப் பூ இல்லையே நஞ்சப்பா!"

"அதா, மூஞ்சிக்கு நேரா நிக்குதே!" என்றாள் தெய்வாத்தாள்.

மூன்று பேரும் சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தார்கள். "தலைவரே, வாயைக் குடுத்தராதீங்க. போண்டா" என்று கிசுகிசுத்தார் நஞ்சப்பன்.

இந்த ஜென்மங்களோடு பேசிப் பயனில்லை என்று அவளே மடி நிறையப் பறித்து, தன் வீட்டுக்கும் ஊர் முழுக்கவும் காப்புக் கட்டிவிட்டாள். பொழுது சாய வீட்டுக்கு வந்த பொங்கியண்ணன் வாசலில் பூவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏது இது?"

"நம்ம செடிதானுங்க!"

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். "நம்மூர்ல செடி இருக்கறது ஆருக்காச்சும் ஞாபகம் இருக்குதா?"

"இல்லீங்க" என்றார்கள் இருவரும், சத்தியம் பண்ணாத குறையாக.

"அப்ப இது மச்சான் ஊர்ப் பூவேதான்." மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிக்கொண்டார். "சொன்ன சொல்லு சொன்னதுதான்."

தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. அவர் நேரே சவரக்கடைக்குப் போய் மீசையை வழித்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துக் கண் கலங்கிய தலைவரை, கடைக்காரர் பாவம், தேற்றப் போய்த்தான் வினை.

"விடுங்க தலைவரே. அதையவே நெனைக்காம மறந்துருங்க. அதும்பாட்டுக்கு வளந்துரும்."

பொங்கியண்ணன் நெற்றியைச் சுருக்கினார்.

பொங்கலன்று விருந்துக்கு வந்த சென்னியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் கழுத்தில் பலகை தொங்கியது: 'இங்கே மீசை வளர்வதை அனைவரும் மறக்கவும்.' தலைவர் காபி குடிக்க, மேலுதட்டில் ஈரம் படாமல் நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடை பிடித்தார். ஆறுக்குட்டி ஆட்டின் வாயைத் தலைவர் முகத்தருகே கொண்டுபோனான்.

ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"வேலி தேவையில்லீங்க தலைவரே" என்றான்.